இந்தி பேசினால் பீகாரியா? பிற மாநிலத்தவரைக் குறிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் யாராவது 'மதராஸி' என்று கூப்பிட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14 அன்று. அதற்குப் பிறகும் அங்கே பலருக்குத் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் மதராஸிதான். இங்கே நாம் 'பீகாரி' என்ற சொல்லை வைத்து அதையேதான் செய்கிறோம்.

கட்டட வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ இந்தி பேசுகிறவர் வந்தால் உடனே பீகாரி என்றுவிடுகிறோம். அவர் ஜார்க்கண்டுக்காரராக இருக்கலாம். அது 2000 நவம்பர் 15 அன்றே பீகாரிலிருந்து பிரிந்த தனி மாநிலம். ஒடிசாக்காரராக இருந்தால் தாய்மொழி ஒடியா. இந்தி அவருக்கும் பழகிக்கொண்ட மொழிதான். பீகாரிலிருந்தே வந்தவர்களில்கூடப் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரி, மைதிலி அல்லது மகஹி. பீகாரைச் சேர்ந்தவரைப் பீகாரி என்பதில் தவறில்லை. ஆனால் 'வடக்கன்' என்பது வெறும் வசவு. அதை விட்டுவிடுவதே மரியாதை. "எந்த ஜில்லா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜில்லா அவர்களுக்கும் தெரிந்த சொல். முகம் மலர்ந்து ஊர்ப்பெயர் சொல்வார்கள்.

அசாம்காரரையும் வங்காளியையும் 'வடமாநிலத்தவர்' என்று எழுதுவதும் சரியில்லை. வங்காளம் கிழக்கே, அசாம் வடகிழக்கே இருக்கிறது. மாநிலம் தெரிந்தால் அதன் பெயரையே எழுதலாமே.

இதைவிட வலிக்கிற தவறு, முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்வது. மணிப்பூரிலிருந்தோ மிசோரமிலிருந்தோ இங்கே வேலைக்கு வந்த பெண்ணைச் 'சைனாக்காரி' என்கிறார்கள். சொந்த நாட்டிலேயே அந்நியராக்கும் சொல் அது. மிசோரமில் பெரும்பான்மையினர் மிசோக்கள். மணிப்பூரிலோ மெய்தேய், குக்கி, நாகர் என்று பல இனத்தவர் இருக்கிறார்கள். அவர்களுக்குள் பெயரை மாற்றிச் சொல்வது பெரிய காயம். டார்ஜிலிங், சிக்கிம்காரர்களை நேபாள நாட்டவர் என்று நினைப்பதும் உண்டு. நேபாளி மொழி 1992 முதல் நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலேயே இருக்கிறது. அப்புறம், 'கூர்க்கா' என்றால் நமக்கு இரவுக் காவலாளி; டார்ஜிலிங் மலையில் அது ஒரு சமூகம் தன்னைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்.

அண்டை மாநிலங்களிலும் தடுமாறுகிறோம். வாரங்கல்காரரை 'ஆந்திராக்காரர்' என்று சொல்லாதீர்கள். பல ஆண்டுகள் போராடி, 2014 ஜூன் 2 அன்று அவர்கள் பெற்ற மாநிலம் தெலங்கானா. தெலுங்கர் என்றால் இருவருக்கும் பொருந்தும். கர்நாடகத்தைச் சேர்ந்தவர் எல்லோருக்கும் கன்னடம் தாய்மொழி இல்லை. மங்களூர்ப் பக்கம் துளு, குடகில் கொடவர்களுக்குக் கொடவ மொழி. பஞ்சாபி வேறு, சீக்கியர் வேறு. முன்னது மாநிலத்தையும் மொழியையும் சொல்கிறது, பின்னது மதத்தை.

சரி, 'சேட்டு'க்கு வருவோம். அடகுக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் எல்லோரும் நமக்கு மார்வாடி. மார்வார் என்பது ராஜஸ்தானில் ஜோத்பூரைச் சுற்றியுள்ள பகுதி. சவுகார்பேட்டையில் குஜராத்திகளும் இருக்கிறார்கள். சென்னையில் சிந்திகளும் உண்டு. அவர்களுக்கு இந்தியாவில் தங்கள் பெயரில் ஒரு மாநிலமே இல்லை. 1947 பிரிவினையில் சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 'சிந்தி' என்ற பெயரில்தான் அவர்கள் தங்கள் ஊரைச் சுமந்து வந்திருக்கிறார்கள்.