கார் ஆனிங் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

மஹிந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் வந்த பிறகு, காரிலேயே ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வரும் ஆட்கள் இங்கேயும் பெருகிவிட்டார்கள். அப்படிப்பட்ட வண்டிகளில் கூரைக் கேரியரின் ஓரமாக நீளமான கறுப்புப் பை ஒன்று தொங்கும். அதுதான் ஆனிங். ஜிப்பைத் திறந்து விரித்தால் காரை ஒட்டி ஒரு சின்னப் பந்தல் தயார். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பல காலமாகப் புழங்கும் பொருள். இங்கே இப்போதுதான் விதவிதமாகக் கிடைக்கிறது. நல்ல இறக்குமதிச் சரக்கு லட்சத்தைத் தொடும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அளவைக் கேட்பார்கள், விரித்த படத்தைப் பார்த்து மயங்குவார்கள். முதலில் பார்க்க வேண்டியது சொந்தக் காரின் கூரையை.

கூரை எத்தனை கிலோ தாங்கும்?

ஒவ்வொரு காரின் கையேட்டிலும் கூரைச் சுமைக்கு ஓர் அளவு இருக்கும். அது வண்டி ஓடும்போது தாங்கும் அளவு. நின்றிருக்கும்போது கூரை இன்னும் நிறையத் தாங்கும். ஆனால் ஆனிங் நாள் முழுக்க மேலேயே கிடந்து குழியிலும் மேட்டிலும் ஆடிக்கொண்டு வருகிற பொருள் என்பதால் ஓடும் அளவுதான் நமக்குக் கணக்கு. அந்த அளவுக்குள் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்ற 3 கதவு ஜிம்னிக்கு சுசுகி சொன்ன கூரைச் சுமை 30 கிலோ. நீளவாக்கில் முழுக் கூரைக்கும் போடும் இரும்புக் கேரியர் ஒன்றே அதைத் தின்றுவிடும். நேராக இழுத்து விரிக்கும் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் ஆனிங் ஏறத்தாழ 10 முதல் 14 கிலோ. காரின் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் சேர்த்து விசிறி மாதிரி சுற்றி வரும் 270 டிகிரி ஆனிங் 20 கிலோவில் தொடங்கி 30 வரை போகும். சின்ன வண்டிக்கு 270 வாங்க ஆசைப்படுகிறவர், முதலில் அலுமினியக் கேரியரா, வெறும் இரண்டு குறுக்குக் கம்பியா என்று முடிவு செய்துவிட்டு மீதி எவ்வளவு என்று பார்க்கட்டும். பல நேரம் மீதி ஒன்றும் இருக்காது.

எடை மட்டுமில்லை, அது தொங்கும் இடமும் சிக்கல்தான். மொத்தப் பாரமும் ஒரே பக்கத்தில், அதுவும் கேரியருக்கு வெளியே நிற்கிறது. கேரியரின் அந்தப் பக்கத்துக் கால்கள்தான் முழு ஆட்டத்தையும் வாங்குகின்றன. சில கார்களில் கூரையோரம் பளபளவென்று ஓடும் கம்பிகள் வெறும் அலங்காரம். பாரம் ஏற்ற உகந்தவை அல்ல. கேன்வாஸ் கூரை வைத்த தாரில் கூரையில் மாட்டவே வழியில்லை. வண்டியின் உடலிலிருந்து எழும்பும் தனிச் சட்டம் வேண்டும்.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் காரில் இருப்பது போன்ற கேரியரில் மாட்டிய ஆனிங்கை விரிக்கச் சொல்லுங்கள். ஆனிங்கின் கை, அதாவது துணியைத் தாங்கி நீளும் கம்பியின் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக மெல்ல அசையுங்கள். அப்போது கண் அந்தக் கையில் இருக்க வேண்டாம், ஆனிங்கைக் கேரியரோடு பிணைக்கும் பிராக்கெட்டில் இருக்கட்டும். எல் வடிவத் தகடு வளைகிறதா, குறுக்குக் கம்பி தன் இடத்தில் உருளுகிறதா என்று தெரிந்துவிடும். 270க்கு குறைந்தது மூன்று பிராக்கெட் வேண்டும். இரண்டு போதும் என்று சொல்லும் கடைக்காரர் மூன்றாவதை மாட்டச் சோம்பல்படுகிறார், அவ்வளவுதான். போல்ட் பெரும்பாலும் எம்8, அதாவது 8 மில்லிமீட்டர். நைலான் வளையம் வைத்த நட் போடச் சொல்லுங்கள். முதல் கரடுமுரடுச் சாலை முடிந்ததும் 13ஆம் நம்பர் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது நல்லது. அதிர்வில் நட் தளரும்; தளர்ந்தது சத்தம் வரும் வரை தெரியாது.

இடமா வலமா

நேராக இழுக்கும் ஆனிங்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். 270 அப்படி இல்லை. அதன் கீல் ஒரு முனையில்தான் இருக்கும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். மாற்றி வாங்கினால் பின்பக்கம் சுற்ற வேண்டியது முன்பக்கம், பானெட் மேல் சுற்றும்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்க விற்பனைப் பக்கத்தில் "ஓட்டுநர் பக்கம்" என்றால் இடது. நமக்கு ஓட்டுநர் பக்கம் வலது. சாலையோரம் நிறுத்தினால் ஆனிங் ஓரத்துப் பக்கமாக, அதாவது இடப்பக்கம் விரிய வேண்டும் என்று சரியாகவே யோசித்து "பயணி பக்கம்" என்று ஆர்டர் போடுவார்கள். வந்து சேர்வது வலப்பக்கத்துச் சரக்கு. ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் பக்கங்களில் இந்தக் குழப்பம் இல்லை, அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். எதற்கும் "காருக்குப் பின்னால் நின்று காரைப் பார்த்தால் எந்தப் பக்கம்" என்று எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பின்கதவையும் மறக்க வேண்டாம். ஜிம்னியின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் தொல்லை குறைவு. ஃபார்ச்சூனர் போல மேல்நோக்கித் திறக்கும் கதவாக இருந்தால், விரித்த 270யின் கையிலோ துணியிலோ கதவு போய் இடிக்கும். கதவு முழுக்கத் திறந்த உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டு, பிராக்கெட்டை எவ்வளவு ஏற்ற முடியும் என்று கேளுங்கள். ரொம்ப ஏற்றினாலும் கஷ்டம்: ஷாப்பிங் மால் அடித்தளப் பார்க்கிங் வாசலில் 2.1 மீட்டர் என்று ஒரு பலகை தொங்குமே, அதற்குள் அடங்க வேண்டும்.

பெரிதாக வாங்கினால் நிழல் அதிகம் என்ற நினைப்பு

இது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிழல் ஆனிங்குக்கு நேர் கீழே விழுவது சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது மட்டும்தான். சென்னையில் அது ஏப்ரல் கடைசி வாக்கில் ஒரு முறை, ஆகஸ்டு மூன்றாவது வாரத்தில் ஒரு முறை, அதுவும் நண்பகலில். மார்கழியில் நண்பகல் சூரியனே தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆனிங் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் என்று வையுங்கள். சூரியன் 45 டிகிரிக்கு இறங்கினால் நிழல் 2 மீட்டர் நகர்ந்து விழும். 30 டிகிரிக்கு வந்தால் மூன்றரை மீட்டர். அதாவது மாலையில் 2.5 மீட்டர் அகல ஆனிங்கின் நிழல் முழுக்க ஆனிங்குக்கு வெளியே போய்விடும். அகலத்தை இன்னும் அரை மீட்டர் கூட்டினாலும் நிலைமை மாறாது.

மாற்றுவது, காரை நிறுத்தும் திசை. மாலை வெயிலில் ஆனிங் கிழக்குப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினால் காரே மேற்குச் சுவராகிவிடும். காரின் நிழல் மூன்று மீட்டருக்கு நீளும், அதற்கு அப்பால் ஆனிங்கின் நிழல் தொடரும். அதே காரைத் திருப்பி நிறுத்தினால் நிழல் காரின் மேலேயே போய் விழும், நீங்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். காலையில் எல்லாம் தலைகீழ். காரைத் திருப்ப வசதியில்லாத இடத்துக்கு, ஆனிங்கின் வெளி விளிம்பிலிருந்து தொங்கவிடும் பக்கத் திரை ஒன்று போதும். என்னைக் கேட்டால், ஒன்றிரண்டு பேர் போகும் பயணத்துக்கு 2 மீட்டர் நேர் ஆனிங்கும் ஒரு பக்கத் திரையும், பெரிய 270ஐ விட நன்றாக உழைக்கும். 270 அர்த்தமுள்ளதாவது ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் கூடாரமடிக்கும் குடும்பத்துக்கு. அல்லது டிக்கியைத் திறந்து அங்கேயே சமைக்கிறவர்களுக்கு.

காற்று, மழை

"கால் ஊன்ற வேண்டாம், தானாக நிற்கும்" என்று விளம்பரம் செய்யும் 270 ஆனிங்குகள் உண்டு. நிற்கும், காற்று இல்லாத வரை. 2.5க்கு 2.5 மீட்டர் துணி என்றால் ஆறேகால் சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அந்தப் பரப்பை நேருக்கு நேர் பிடித்தால் ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 60 கிலோமீட்டரில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் வேகத்தின் இருமடிப்படி கூடும். ஆனிங் படுக்கையாக இருப்பதால் வழக்கமாக இவ்வளவு வராது; ஆனால் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டால் வரும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ பாலக்காட்டுக் கணவாய் வாயிலிலோ விரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லடாக், ஸ்பிதி பக்கம் காலையில் இலை அசையாது. மதியம் காற்று கிளம்பும்.

ஆகவே வாங்கும்போதே கால்களும் இழுவைக் கயிறுகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கூடத் தரும் முளைகள் பெரும்பாலும் பென்சில் கனத்துக் கம்பி. கெட்டித் தரைக்குச் சரி, மணலுக்கு உதவாது. கடற்கரையிலும் கட்ச் பக்கத்து மணலிலும் ஒரு சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட்டால் எந்த முளையையும் விட நன்றாகப் பிடிக்கும். காற்று பலத்தால் சுருட்டிவிடுங்கள். இரவு தூங்கப் போகும் முன் சுருட்டுவது இன்னும் நல்லது.

மழைக்கு விதி ஒன்றுதான்: ஏதாவது ஒரு கால் மற்றதை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக விரித்தால் துணி நடுவில் தொங்கி நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் 50 கிலோ. கை வளைவது அப்படித்தான்.

துணியை விட பை முக்கியம்

துணி விஷயத்தில் விற்பனையாளர்கள் எண்களால் குழப்புவார்கள். 600டி என்பது நூலின் கனம். 300 ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. பாலியஸ்டர் இலகுவானது, சீக்கிரம் காயும். பாலிகாட்டன் கேன்வாஸ் கனமானது, அடியில் புழுக்கம் குறைவு, தீப்பொறிக்குச் சட்டென்று ஓட்டை விழாது. ஆனால் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பாலியஸ்டரும் தப்பாது: அதன் உட்புறப் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு, புழுக்கமான ஊரில் ஈரத்தோடு மூடிக் கிடந்தால் நாளடைவில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். எந்தத் துணியானாலும் மழையில் சுருட்டியதை வீடு வந்ததும் விரித்துக் காயவைக்க இடம் இருக்கிறதா என்று யோசித்து வாங்குங்கள். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது நிஜமான கேள்வி.

அதைவிட, யாரும் கவனிக்காதது வெளிப்பை. துணி வெயிலைப் பார்ப்பது ஆண்டில் சில நாள்தான். பை 365 நாளும் வெயிலில் கிடக்கிறது. முதலில் நைந்துபோவது பையும் அதன் ஜிப்பும்தான். பை கிழிந்தால் உள்ளே உருட்டி வைத்த துணி நனையும். கனமான பிவிசி, பெரிய பல் ஜிப், ஜிப்பை மூடும் மடிப்பு ஆகிய மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். நைந்த பையை லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் கொடுத்தால் அதே அளவுக்குப் புதிதாகத் தைத்துத் தருவார்கள். எப்போதாவது போகிறவர்களுக்கு அதே கடையில் ஓரங்களில் கண்ணி வைத்துத் தைத்த ஒரு தார்ப்பாயும் இரண்டு கம்பும்கூடப் போதும்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. அடுப்பை விளிம்புப் பக்கம் வையுங்கள், துணிக்கு நேர் கீழே வேண்டாம். நாலு பக்கமும் திரை இறக்கிவிட்டு உள்ளே கரி அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்றே தீர்ப்பளித்தது. ஆகவே நிரந்தரமாக வெல்டிங் செய்வதோ கூரையில் துளையிடுவதோ வேண்டாம். கழற்றி மாட்டும் பிராக்கெட் வாங்கி, பயணம் இல்லாத நாட்களில் வீட்டில் இறக்கி வையுங்கள். பெட்ரோலும் மிச்சமாகும், பையும் நாலு வருடம் கூட உழைக்கும். பில் போடும் முன் கேட்க வேண்டியது, கையின் மூட்டும் காலும் தனியாக உதிரிப் பாகமாகக் கிடைக்குமா என்பது. பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால் முழு ஆனிங்கையே மாற்றச் சொல்கிற பிராண்டு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.