பிரெய்ரியில் கள்ளி தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் ஊரில் கள்ளியா என்று பலர் நம்பவே மாட்டார்கள். கனடாவின் சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் தெற்கே போனால், பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளியில் இரண்டு வகை சப்பாத்திக்கள்ளியும் உருண்டையான ஒரு கள்ளியும் தானாகவே வளர்ந்து நிற்கின்றன. எல்லை தாண்டி அமெரிக்காவின் மொன்டானா, டகோட்டா பக்கமும் இதே கதைதான். அப்படியிருந்தும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் காரணம், கண்ணை வைக்கும் உயரம். கள்ளி என்றதும் அரிசோனாவில் பத்து மீட்டருக்கு மேல் வளரும் சகுவாரோ மனதில் வந்துவிடுகிறது. நம் ஊர் வேலியோரத் திருகுகள்ளியை நினைத்தாலும் தப்புதான். அது பால் வடியும் வேறு குடும்பம். பிரெய்ரியில் கள்ளி உங்கள் கணுக்காலைத்தான் எட்டும். ஓடும் காரிலிருந்து பார்த்தால் புல் மட்டுமே தெரியும். இறங்கி நடங்கள். அடர்ந்த உயரமான புல்லுக்குள் தேட வேண்டாம். தெற்கு பார்த்த சரிவு, மண் அரித்த மொட்டைத் திட்டு, சரளை மேடு, மணற்கரை, இவைதான் அதன் இடங்கள்.

சஸ்காச்சுவானின் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான், கைக்கெட்டும் தூரத்தில் எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை. சாம்பல் வெள்ளை முட்களில் காய்ந்த புல் சிக்கியிருந்தது. அதற்குக் கண் பழகியதும் அதே சரிவில் அடுத்தடுத்து ஏழெட்டு கண்ணில் பட்டன, நான் தாண்டி வந்த பாதையில்கூட.

அப்புறம் நாளும் நேரமும். பூ பார்க்க ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை போங்கள். சப்பாத்திக்கள்ளிக்குப் பெரும்பாலும் மஞ்சள் பூ, உருண்டைக்கு அடர்ந்த மெஜந்தா. வெயில் ஏறினால்தான் விரியும். அதிகாலையில் போனால் மொட்டுதான் மிச்சம். ஏப்ரலில் போகிறவர்கள் சுருங்கி, ஊதா நிறமேறித் தரையோடு படிந்த மடல்களைப் பார்த்துச் செத்துவிட்டது என்கிறார்கள். சாகவில்லை. உள்ளே பனி உறைந்து திசுக்கள் வெடிக்காமலிருக்க, குளிருக்கு முன்பே தன் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் செடி அது. சூடு வந்ததும் உப்பிவிடும்.

செருப்பில் போகாதீர்கள். கட்டைவிரல் பருமனுள்ள சிறிய சப்பாத்திக்கள்ளியின் மடல் லேசாகப் பட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். காட்டெருமையின் மயிரில் ஒட்டிப் போய் வேறிடத்தில் வேர்விடுவதுதான் அதன் பிழைப்பு. ஒட்டிய மடலைச் சீப்பால் நெம்பித் தள்ளுங்கள், விரலால் பிடுங்க வேண்டாம். பெரிய முள்ளைவிட மோசம், அடியில் இருக்கும் சுணை போன்ற பொடிமுட்கள். அவற்றுக்குச் சாமணமும் ஒட்டும் டேப்பும் பையில் இருக்கட்டும். படம் எடுக்க மண்டியிடுவதற்கு முன் கீழே பாருங்கள். கெட்டியான பாய் ஒன்று விரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மழை பெய்த மறுகணமே மண்பாதையில் காரை இறக்குவது பெரிய தவறு. இங்குள்ள களிமண்ணை ‘கம்போ’ என்கிறார்கள். நனைந்தால் பசையாகி, டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. பக்கத்தில் போன் சிக்னலும் இருக்காது, பெட்ரோல் பங்க்கும் இருக்காது. தரை காயும்வரை ஊரிலேயே இருங்கள், டாங்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள். உலர்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது. சூடான புகைக்குழாய் தீ மூட்டிவிடும். பொந்துக்குள் கையை விடாதீர்கள், கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கலாம். காட்டெருமைக்கு 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற தவறு, ஒன்றைத் தோண்டி எடுத்து வருவது. தேசியப் பூங்காவில் அது குற்றம். ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருப்பதால், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி எடுத்துப்போகவும் முடியாது. வளர்க்க ஆசை என்றால் விதையிலிருந்து வளர்த்த கன்றை நர்சரியில் வாங்கலாம். படம் எடுங்கள், ஆனால் போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். அந்தப் படத்தை வைத்தே வழி கண்டுபிடித்து வந்து பிடுங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.