ஒரு டம்ளர் உப்புநீர், இரண்டு அகல்: ஆன்மாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

ஒன்பதாம் வகுப்பில் இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பல ஆண்டுகள் அட்டவணை போட்டுத்தான் நடத்தினேன். வினை, மறுபிறவி, விடுதலை ஆகியவை இரண்டு பக்கமும் இருக்கும். ஆன்மா என்ற வரியில் மட்டும் இந்து சமயத்தின் பக்கம் 'உண்டு', பௌத்தத்தின் பக்கம் 'இல்லை'. ஒரு நாள் கடைசி வரிசைப் பெண் எழுந்து, "ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது யார், டீச்சர்?" என்றாள். அன்று அவளுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இப்போது என் பேத்திக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

இரவில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து கல் உப்பைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். தூள் உப்பு வேண்டாம். கல்லாகப் பார்த்தால்தான் அது காணாமல் போனது மனத்தில் உறைக்கும். காலையில், "நேற்றுப் போட்ட உப்பை எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். தேடட்டும். பிறகு மேலே ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். எங்கும் கரிக்கும். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குக் காட்டியது இதைத்தான். 12 வயதில் படிக்கப் போய், 24 வயதில் எல்லாம் கற்ற செருக்கோடு திரும்பிய பிள்ளை அவன். உப்பைப் போலக் கண்ணுக்கு அகப்படாமல் எங்கும் நிறைந்திருக்கும் மெய்ப்பொருளைச் சொல்லி, 'அதுவே ஆன்மா, நீயே அது' என்றார் தந்தை. இந்த வாக்கியத்துக்கு, ஆன்மாவும் மெய்ப்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதிகள் கொள்ளும் பொருள் வேறு, இரண்டும் வேறு என்னும் துவைதிகள் கொள்ளும் பொருள் வேறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாலையில் அகலை ஏற்றச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் முடித்து வந்ததும், "நீ ஏற்றிய சுடர்தானா இது?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால், எண்ணெய் இறங்கியிருப்பதைக் காட்டுங்கள். 'இல்லை' என்றால், நடுவில் மாற்றி ஏற்றியது யார் என்று கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம், என் பேத்தி வெகுநேரம் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அகலிலிருந்து இன்னோர் அகலை ஏற்றட்டும். இதிலிருந்து அதற்குப் போனது என்ன? எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் இது எரியாமல் அது எரிந்திருக்காது. பௌத்தம் சொல்லும் மறுபிறவி இதுதான் என்று மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி விளக்கினார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுவே.

"அப்படியானால் நான் இல்லையா, பாட்டி?" என்று பிள்ளை பயப்படலாம். சுடர் இருக்கிறது, தொட்டால் சுடும். மாறாத ஒன்று அதற்குள் இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வினையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: செயலின் பின்னிருக்கும் எண்ணத்தையே வினை என்றார் புத்தர்.

பௌத்தம் சொல்லும் விடுதலையான நிர்வாணத்தை, விளக்கை அமர்த்தும்போது சொல்லுங்கள். அணைதல் என்பதே அந்தச் சொல்லின் பொருள்; அணைவது ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் நெருப்பு. நம் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்ல மாட்டோம், 'குளிர வை' என்போம். பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களும் விடுதலை பெற்றவரை 'சீதிபூத' என்கின்றன. குளிர்ந்தவர் என்று பொருள்.