சர்வே எழுதினால் பணமா? பதிவு செய்யும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கல்லூரி லீவு விட்டால் போதும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் வாட்ஸப் குரூப்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: “சர்வே எழுதினால் தினம் 2,000 ரூபாய், வீட்டிலிருந்தே!” தையல் மிஷினை நம்பிக் குடும்பம் நடத்தும் அக்காவுக்கும் அதே செய்தி போகிறது. அவர் சேர்த்து வைத்த பணம் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தொகையைப் பாருங்கள்

சோப்பு, போன், டீத்தூள் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கம்பெனிகள் காசு கொடுத்துக் கேட்பது உண்மைதான். ஆனால் நிறையப் பேரிடம் கேட்பதால் ஒருவருக்குக் கிடைப்பது சொற்பம். கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரு சர்வேக்குச் சில ரூபாய்தான், அதுவும் பிளே ஸ்டோர் கணக்கில் வரவாகும். ரொக்கமாக எடுக்க முடியாது. தினம் ஆயிரக்கணக்கில் தருகிறோம் என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2. தளத்தின் வயதைப் பாருங்கள்

கூகுளில் ‘ஹூஇஸ்’ (whois) என்று தேடினால் இலவசமாகப் பார்க்கும் பக்கங்கள் வரும். தளத்தின் முகவரியை அதில் போடுங்கள். எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்று காட்டும். “பத்து வருட அனுபவம்” என்று முகப்பில் போட்டிருக்கிற தளம் போன மாதம்தான் பதிவானது என்றால் வேறு விசாரணை தேவையில்லை. பழைய தேதி இருந்தாலும் அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

3. என்ன கேட்கிறார்கள்?

வயது, ஊர், வீட்டில் என்ன டிவி என்று கேட்பது சர்வேக்கு வழக்கம். ஆதார் நகல், ஏடிஎம் கார்டு எண், ஓடிபி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே என்ற ஆப் ஃபைலை அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொன்னாலும் அப்படியே. சந்தேகம் இல்லாத தளத்துக்கும் தனி ஈமெயில் வைத்துக்கொள்வது நல்லது.

4. பணம் எந்தப் பக்கம் போகிறது?

இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், டெபாசிட், ‘வரி’ என்று எந்தப் பெயரில் உங்களிடம் கேட்டாலும் அது மோசடி.

வழக்கமாக நடப்பது இப்படி: முதல் சர்வே முடிந்ததும் 150 ரூபாய் நிஜமாகவே வந்துவிடும். நம்பிக்கை பிறக்கும். அப்புறம் டெலிகிராம் குரூப்பில் சேர்த்து, 1,000 கட்டினால் 1,400 என்பார்கள். அடுத்து 5,000. அந்தக் குரூப்பில் “எனக்கு வந்துவிட்டது” என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான். உங்கள் பெயரில் 40,000 சேர்ந்திருப்பதாகத் திரையில் தெரியும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். அந்த 40,000 அவர்களுடைய தளத்தில் அவர்களே எழுதிய எண், அவ்வளவுதான்.

யூபிஐயில் உங்களுக்குப் பணம் வருவதற்கு ரகசிய ‘பின்’ (PIN) நம்பர் தேவையே இல்லை. “பணம் வர பின் போடுங்க” என்றால் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். “உங்க அக்கவுண்டுக்கு வருவதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்க, கமிஷன் தருகிறோம்” என்று கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். கணக்கு முடங்கி, வழக்கும் உங்கள் மேல் வரலாம்.

5. பணம் போய்விட்டால்

வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, எந்த யூபிஐ ஐடிக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். சாட் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்திலும் புகார் பதியலாம். நேரில் போவதென்றால் மதுரை நகருக்குள் இருப்பவர்கள் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும், திருமங்கலம், மேலூர் பக்கத்தவர்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

புகார் கொடுத்த பிறகு “பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க” என்று யாராவது அழைக்கலாம். இதற்குப் போலீஸ் ஃபீஸ் வாங்குவதில்லை. அந்த நம்பரையும் குறித்து உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.