திருவிழா ராத்திரியில் பசங்க கைக்கு டம்ளர் போகாமல் இருக்க: கோவில், சர்ச், ஜமாஅத் குழுக்களுக்கு ஒரு செய்முறை

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. சட்டம் இப்படி இருந்தும் பத்தாவது படிக்கிற பையனுக்கு எப்படிக் கிடைக்கிறது? கடை கவுண்டரில் அவனே போய் நின்று வாங்குவது குறைவு. முதல் டம்ளர் பெரும்பாலும் தெரிந்தவர் கையிலிருந்துதான் வருகிறது: மாடு விடும் விழாவுக்கு முந்தின ராத்திரி, சாவு வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில். இந்த நிகழ்ச்சிகளை நடத்துவது விழாக்குழுவும், சபையும், ஜமாஅத்தும், இளைஞர் மன்றமும்தான். போலீஸோ பள்ளிக்கூடமோ அந்த நேரத்தில் அங்கே இருக்காது, நீங்கள் இருப்பீர்கள். அதனால் பிரசங்கத்தை விட, உங்கள் கையில் இருக்கிற நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்வதுதான் முதல் வேலை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்து ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஆறு மாதத் திட்டம் இது.

படி 1: ஐந்து பேர் போதும்

பெரிய கமிட்டி வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒருவர், ஒரு ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் அல்லது கிராமச் செவிலியர், பசங்க "அண்ணா" என்று மதிக்கிற 22–25 வயது இளைஞர் ஒருவர், குடியை விட்டுப் பல வருடம் ஆன பெரியவர் ஒருவர். தர்மகர்த்தாவோ, ஆயரோ, முத்தவல்லியோ பின்னால் இருந்து ஆதரவு தந்தால் போதும். அவரே தலைமை என்றால் பசங்க வாயைத் திறக்க மாட்டார்கள்.

இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். பார் நடத்துபவரின் உறவு, வரும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர். முதலாமவரால் விஷயம் வெளியே போகும். இரண்டாமவரால் எல்லாம் கட்சி விவகாரம் ஆகிவிடும்.

கோவில், சர்ச், மசூதி மூன்றும் ஒரே தெருவில் இருந்தாலும் முதல் மூன்று மாதம் அவரவர் தனியாகச் செய்வது நல்லது. பிறகு கூடிப் பேசலாம்.

படி 2: எங்கே, எப்போது, யார் மூலம்

"நீ குடிக்கிறியா?" என்று எந்தப் பையனிடமும் கேட்காதீர்கள். பொய்தான் வரும். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு கொடுங்கள். மூன்றே கேள்வி: உன் வயசுப் பையனுக்கு வேணும்னா எங்கே கிடைக்கும்? யார் வாங்கித் தருவார்கள்? எந்த நாளில் அதிகம்? எல்லோருக்கும் ஒரே பேனா, மடித்துப் போட ஒரு டப்பா. கையெழுத்து தெரியக் கூடாது என்பதால் டிக் அடிக்கிற மாதிரி பதில்களை முன்பே அச்சடித்து விடுங்கள். பெற்றோர் சம்மதம் வாங்கிக் கொள்ளுங்கள்.

அடுத்தது நடை. சார்ட் பேப்பரில் ஊரை வரைந்து, டாஸ்மாக், பார், பிளாக்கில் விற்கிற பெட்டிக்கடை, பாலாற்று மணல், ஏரிக்கரை, மாந்தோப்பு, பள்ளிக்கூடப் பின்சுவர் எல்லாவற்றையும் குறியுங்கள். ஞாயிறு காலை 6 மணிக்குக் கோணிப்பையோடு போய், ஒவ்வொரு இடத்திலும் காலி பாட்டிலையும் பிளாஸ்டிக் டம்ளரையும் எண்ணி எழுதுங்கள். நான்கு ஞாயிறு தொடர்ந்து செய்யுங்கள். இந்த எண்தான் பிறகு அளவுகோல்.

டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு முன்னும் பின்னும் ஓடுவது பிளாக். விடுமுறை நாட்களிலும் அப்படியே. மாட்டுப் பொங்கலன்றுதான் திருவள்ளுவர் தினமும் வருகிறது, கடை மூடியிருக்கும். அதனால் போகிக்கே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கி வீட்டில் பதுக்குவார்கள். வீட்டில் பெட்டி இருந்தால் பையன் கைக்கு எட்டும். இந்த ஒரு விஷயத்தை ஜனவரி முதல் வாரமே தாய்மார்கள் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 3: விழா ராத்திரி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாப் படியும் அரைகுறையாக நடந்தாலும் இது ஒழுங்காக நடந்தால் பலன் தெரியும்.

முதலில் பணம். வசூல் செய்த காசில் "பசங்க செலவு" என்று ஒரு தொகை எல்லா விழாவிலும் ஒதுங்கும். அது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. இனி வரவு செலவை மறுநாளே கோவில் சுவரில் ஒட்டுவது என்று விழாவுக்கு முன்பே தீர்மானம் எழுதுங்கள். பசங்க செலவை ரத்து செய்யாதீர்கள். செய்தால் வேறு வழியில் எடுப்பார்கள். அதையே பிரியாணி, டீ-ஷர்ட், ராத்திரி டிபன் என்று பெயர் போட்டு, பில்லோடு செலவு செய்யுங்கள்.

பம்பை, மேளம், பந்தல், சீரியல் செட் ஆட்களுக்குக் கூலியைப் பாட்டிலாகக் கொடுக்கிற வழக்கம் இருந்தால், பேசும்போதே அதைக் காசாக மாற்றிப் பேசி முடியுங்கள். அவர்களோடு ஒத்தாசைக்கு வருகிற பையன்கள் பதினாலு, பதினைந்து வயதுக்காரர்கள்.

"போய் ஒரு குவாட்டர் வாங்கிட்டு வாடா" என்று சின்னப் பையனை அனுப்புவது நம் பக்கம் ஒரு குற்றமாகவே தெரிவதில்லை. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு 78: மது விற்கவோ கொண்டுபோகவோ குழந்தையைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனை. இந்த இரண்டு வரியையும் விழா நோட்டீஸின் அடியில் அச்சடியுங்கள். திட்டாமல், மிரட்டாமல் தகவலாக.

பிறகு காவல். குடியாத்தம் கங்கையம்மன் சிரசு போன்ற பெரிய திருவிழாவோ, பாலாற்றில் மயானக் கொள்ளையோ, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டோ, எதுவாக இருந்தாலும் இரவு 10 முதல் 1 மணி வரைதான் ஆபத்தான நேரம். பெரியவர்கள் இருவர் இருவராக ஒன்றரை மணி நேர ஷிப்ட். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் இருந்தால் நல்லது. பையன்கள் பெரியம்மா, அத்தைக்குக் காட்டுகிற கூச்சத்தைச் சித்தப்பாவுக்குக் காட்ட மாட்டார்கள். கையில் டார்ச், தண்ணீர் பாட்டில். வேலை ஒன்றுதான்: பந்தலின் பின்பக்கம், டிராக்டர் நிறுத்தும் இடம், மொட்டை மாடி, இருட்டு மூலைகள் வழியாக அரை மணிக்கு ஒரு நடை. இருட்டு மூலைகளுக்கு ஒரு எல்இடி பல்பு போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இதில் தவறுவது எங்கே? காவல்காரரே குடித்திருப்பார். அதனால் பெயர்ப் பட்டியலில் நான்கு பேர் கூடுதலாக வையுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஆளைப் பார்த்து, வாடை இருந்தால் சத்தம் போடாமல் மாற்றுங்கள். இன்னொன்று, ராத்திரி முழுக்க சும்மா இருக்கிற பையன்கள். மைக் செட், மாட்டுக்குத் தண்ணீர், பார்க்கிங், பிரசாத வரிசை என்று பெயர் எழுதி வேலை கொடுங்கள்; சோறு போட்டு, படுக்க ஒரு இடமும் காட்டுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே, பரதராமி தாண்டி ஆந்திரா பக்கம் பைக்கில் போய் வருகிற கூட்டம் தனி. பைக் சாவியை வீட்டில் வாங்கி வைப்பதுதான் அதற்கு வழி: வயது வராதவன் வண்டி ஓட்டினால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்பது பல அப்பாக்களுக்குத் தெரியாது.

ஒரு பக்கக் குறிப்பு. ஐயப்பனுக்கு மாலை போட்ட வீட்டில் அத்தனை நாளும் வாடை கூட இருக்காது. மாலை கழற்றிய அன்று ராத்திரி சேர்த்து வைத்துக் குடிப்பார்கள். கன்னிச்சாமியாகப் போய் வந்த பையன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, விரதம் முடிந்தால் பாட்டில் என்பதை. குருசாமி ஒருவர் மாலை கழற்றுகிற அன்றைக்கே குடும்பத்தோடு ஒரு சாப்பாடு வைத்தால் இந்த ஒரு இரவைக் கடக்கலாம்.

படி 4: கடையும் பாரும்

முதலில் நேரில் போங்கள், இரண்டு பேர் மட்டும். வயது விதியை அச்சடித்த தாளைக் கொடுத்து, "எங்க ஊர்ப் பசங்க வந்தா திருப்பி அனுப்புங்க" என்று கேளுங்கள். விற்பனையாளர் அரசு நிறுவனத்தில் வேலை செய்கிறவர், சண்டை தேவையில்லை. பாரும் பெட்டிக்கடையும் வேறு கதை.

நிற்கவில்லை என்றால் எழுத்து. கடை எண், தேதி, நேரம், பார்த்தது என்ன என்ற நான்கும் இருந்தால்தான் மனு நிற்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரி. நகலை டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கலால் உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். பிளாக் விற்பனையையும் கள்ளச்சாராயத்தையும் 10581 என்ற எண்ணில் சொல்லலாம். கடை பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ மிக அருகில் இருந்தால் அளந்து எழுதுங்கள்: நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்பது விதி.

சோதித்துப் பார்க்கிறோம் என்று பையனை வாங்க அனுப்பவே கூடாது. பாட்டிலோடு நிற்கும் பையனைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது; குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் சிக்கும்.

படி 5: பசங்களிடம் பேசுவது

சண்டே ஸ்கூலோ, மதரஸாவோ, மார்கழி பஜனையோ, நான்கு வாரம், வாரம் 40 நிமிடம். கல்லீரல் படம் காட்டிப் பயமுறுத்துவதும், முன்னாள் குடிகாரர் சாகசக் கதை சொல்வதும் இந்த வயதில் வேலை செய்யாது. கணக்கு வேலை செய்யும்.

பலகையில் போடுங்கள். குவாட்டர் 180 மி.லி.; பிராந்தியில் சாராயத்தின் அளவு 42.8 சதவீதம். அதாவது சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம். 45 கிலோ எடையுள்ள பையன் அதை ஒரே மூச்சில் குடித்தால் 100 மி.லி. ரத்தத்தில் 200 மி.கி. அளவுக்கு ஏறும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 30 மி.கி. "பீர் ஒண்ணும் பண்ணாது" என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 41 கிராம், 90 மி.லி. கட்டிங்கில் 30 கிராம்தான்.

பிறகு மறுத்துப் பழகுதல். ஒருவர் மாமா வேஷம், ஒருவர் பையன். "இன்னாடா, ஒரு வாய் கூட குடிக்க மாட்டியா? ஆம்பளயாடா நீ?" என்று நெருக்க வேண்டும். பதில் சின்னதாக இருக்கட்டும்: "வோணாம் மாமா, காலைல கபடி இருக்குது." சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல் நகர்வதையும் சேர்த்துப் பழக்குங்கள். பத்து முறை வாயால் சொன்னால்தான் அந்த ராத்திரியில் வாயில் வரும்.

பெற்றோருக்குத் தனிக் கூட்டம், மூன்றே ஒப்பந்தம்: வீட்டில் ருசிக்குக்கூடக் கொடுப்பதில்லை, கடைக்கு அனுப்புவதில்லை, ராத்திரி வேறு வீட்டில் தங்கினால் அந்த வீட்டுக்காரரிடம் பேசி உறுதி செய்வது. "நம்ம கண்ணு முன்னாடி குடிச்சா பரவால்ல" என்பார்கள். அமெரிக்காவில் 1997-இல் வெளியான பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பின்னாளில் அடிமையானார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். தள்ளிப்போடுவதுதான் லாபம்.

படி 6: ஏற்கெனவே குடிக்கிற பையன்

மார்க்கத்தில் ஹராம், சபையில் பாவம், குலதெய்வத்துக்கு ஆகாது என்று கண்டிப்பு கூடக்கூட ஒளிவும் கூடும். மயங்கிக் கிடக்கிற நண்பனை, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று தோப்பிலேயே விட்டுவிட்டு ஓடுகிற பசங்க இருக்கிறார்கள். ஆகவே "உயிருக்கு ஆபத்து என்று கூப்பிட்டவனைத் திட்ட மாட்டோம்" என்பதை மேடையிலேயே சொல்லுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. மோர், எலுமிச்சை, காபி எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கண் மங்குகிறது என்றால் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த சரக்காக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். அரை மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள்.

பஞ்சாயத்தில் நிறுத்துவதும், சத்தியம் வாங்குவதும், மொட்டை அடிப்பதும் வேண்டாம். அவன் மதிக்கிற ஒருவர், வாரம் ஒரு முறை, அரை மணி நேரம். சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற குடி மறக்கும் பொடியை வாங்காதீர்கள். குடியை விட வைக்க டாக்டர் பார்த்துக் கொடுக்கிற டைசல்பிரம் என்ற மருந்து அதில் கலந்திருந்து அவன் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். காலையில் கை நடுக்கம் இருந்தால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம் என இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. தொலைபேசியில் பேச 14416 மனநலத்துக்கு, 14446 போதை மீட்புக்கு, 1098 குழந்தைகளுக்கு.

படி 7: ஆறாம் மாதம்

அதே நான்கு ஞாயிறு, அதே இடங்கள், அதே கோணிப்பை. அதே துண்டுச் சீட்டையும் மறுபடி கொடுங்கள். பாட்டில் ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் கூடியிருந்தால் அது குறைவு அல்ல, இடமாற்றம். வரைபடத்தில் புதுப் புள்ளி வையுங்கள். எண்ணிக்கை குறைந்தும் சீட்டில் "அண்ணன் வாங்கித் தருவார்" என்ற டிக் குறையவில்லை என்றால், அடுத்த கூட்டத்துக்குப் பசங்களைக் கூப்பிட வேண்டாம், 21 முதல் 30 வயது வரை உள்ள அண்ணன்களைக் கூப்பிடுங்கள்.

இந்த எண்களோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு வாய்ப்பு. தீர்மானத்தில் இரண்டு கோரிக்கை போதும்: கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், விழா அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இரவுக் காவல் பட்டியலையும் இணைக்க வேண்டும். கையெழுத்தானதும் தீர்மான நகலை அன்றைக்கே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.