கொரியாவில் கடைக்குப் போக: முதலில் விலையைக் காதில் வாங்கப் பழகுங்கள்

"இது என்ன விலை?" என்று கொரிய மொழியில் கேட்க ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். கடைக்காரர் மூச்சுவிடாமல் சொல்லும் பதிலைப் பிடிப்பதுதான் கஷ்டம். இணையத்தில் கிடைக்கும் வாக்கியப் பட்டியல்கள் முதலாவதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாவதை அம்போவென்று விட்டுவிடுகின்றன. அதனால் இங்கே வரிசை தலைகீழ்: முதலில் கேட்பது, பிறகு பேசுவது.

படி 1: ஒலி

ஆங்கில எழுத்துவழி போகவே வேண்டாம். நமக்குத் தமிழ் எழுத்தே நன்றாக உதவும். தமிழில் 'க' சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களுக்கு நடுவே மெல்லவும் ஒலிக்கிறதே, கொரிய மொழியிலும் சாதாரண க, ப, த அப்படித்தான். 'கபாங்' (கைப்பை) என்பதைத் தமிழ் வாசிப்பது போல வாசித்தால் போதும்.

இங்கே 'ஓ' என்று எழுதியிருந்தால் உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். 'ஒ' என்றால் வாயைச் சற்றுத் திறந்து, உதட்டைக் குவிக்காமல், அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில். மற்றவர்களைப் படாதபாடு படுத்தும் இன்னொரு உயிர் நமக்குக் குற்றியலுகரமாக ஏற்கெனவே வாயில் இருக்கிறது. 'காடு' என்பதன் கடைசி உகரம்தான் அது. அந்தக் 'காடு'வின் முதல் எழுத்தை மூச்சோடு சொன்னால் அது பணம் கட்டும் கார்டு. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள், காற்று படவேண்டும்.

இரட்டிப்பு எழுத்தில் மட்டும் கவனம். 'சாயோ' என்றால் வாங்குகிறேன். 'ஸ்ஸாயோ' என்று அழுத்தினால் மலிவு. 'பிஸ்ஸாயோ' என்றால் விலை அதிகம்.

படி 2: விலை (இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள்)

கொரிய மொழியில் இரண்டு எண் வரிசைகள் உண்டு. விலைக்குச் சீன வழி வந்த வரிசை:

இல், இ, சம், ச, ஓ, யுக், ச்சில், பல், கு, ஷிப் (1 முதல் 10)
பேக் (100), ச்சொன் (1,000), மன் (10,000)

சிக்கல் 'மன்' என்பதில். நாம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறோம். அவர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள். 37,500 வொன் (கொரியப் பணம்) நமக்கு முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அவர்களுக்கு 3 மன், 7 ச்சொன், 5 பேக்: 'சம்மன் ச்சில்ச்சொன் ஓபேக் வொன்'. இதை மனத்தில் தமிழுக்கு மாற்றிப் புரிந்துகொள்ள முயன்றால் அதற்குள் கடைக்காரர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மாற்றாதீர்கள், நோட்டாகப் பாருங்கள். மன் என்றால் பச்சை நிற 10,000 நோட்டு, ச்சொன் என்றால் நீல நிற 1,000 நோட்டு. மூன்று பச்சை, ஏழு நீலம், ஒரு 500 நாணயம். 5,000 சிவப்பு, 50,000 மஞ்சள். பெரிய தொகைக்கு ஓர் உதவி: 'ஷிப் மன்' என்றால் நம் லட்சம்.

மேலும் சில பிடிகள்:

- 100, 1,000, 10,000 ஆகியவற்றின் முன்னால் 'இல்' (ஒன்று) சொல்வதில்லை. 12,000 என்பது 'மன் இச்சொன்'. ஆகவே ச்சொன்னுக்கு முன்னால் 'இ' கேட்டால் அது இரண்டுதான்.
- 30,000 'சம்மன்', 40,000 'சமன்'. கோர்ட் சம்மனையும் சரிசமனையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு இது எளிது. ஆனால் 3,000, 4,000 இரண்டும் (சம்ச்சொன், சச்சொன்) சந்தை இரைச்சலில் குழம்பும். விரல் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.
- சொற்கள் சேரும்போது ஒலி மாறும். ஷிப் மன் 'ஷிம்மன்' ஆகும், யுக் மன் (60,000) 'யுங்மன்' ஆகும். எழுத்தைப் பார்த்து மட்டும் படித்தவர்களுக்கு இது புது எண்ணாகக் கேட்கும்.

பயிற்சிக்குப் பாப்பாகோ செயலி போதும். கொரிய நிறுவனமான நேவரின் மொழிபெயர்ப்புச் செயலி அது. கொரிய எழுத்தில் வொன் (원) சேர்த்து ஏதேனும் ஒரு தொகையைத் தட்டி, ஒலியைக் கேட்டு, நோட்டுகளைச் சொல்லுங்கள். தினம் இருபது தொகை. இதில் தடுமாற்றம் போகும்வரை படி 3-க்குப் போக வேண்டாம்.

படி 3: பில் போடும் இடத்தில் வரும் கேள்விகள்

கேள்விகள் அநேகமாக இவைதான். முழு வாக்கியமும் தேவையில்லை, முதல் சொல் பிடிபட்டால் போதும்.

'போங்ட்டு' காதில் விழுந்தால் பை வேண்டுமா என்கிறார்கள். 'யொங்சுஜுங்' என்றால் ரசீது. 'க்கோஜா ஜுசேயோ' என்றால் கார்டை நீங்களே செருகுங்கள் என்று அர்த்தம். பல கடைகளில் கார்டைக் கையில் வாங்கமாட்டார்கள், நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தொகை 50,000 வொன்னைத் தொட்டால் 'மியொத் கேவொல்' என்று ஒன்று வரும்: எத்தனை மாதத் தவணை? வெளிநாட்டுக் கார்டாக இருந்தாலும் பழக்கத்தில் கேட்பார்கள். 'இல்ஷிபுரியோ' (ஒரே தடவையில்) என்றால் முடிந்தது.

வேண்டும் என்றால் 'நே'. வேண்டாம் என்றால் 'க்வென்ச்சனாயோ'. இதற்கு 'பரவாயில்லை' என்று பொருள் என்பதால் சம்மதம் என நினைத்துச் சொல்லிவிட்டு, பை வராமல் விழிப்பவர்கள் உண்டு. பை கேட்டபோது சொன்னால் அது மறுப்பு.

படி 4: நீங்கள் பேச வேண்டியவை

கடைக்காரரைக் கூப்பிட 'சாஜங்நிம்' (முதலாளி) அல்லது 'ஜொகியோ' (இங்கே பாருங்க). 'அஜும்மா' (நம் 'ஆன்ட்டி' மாதிரி) வேண்டாம், பலருக்குச் சுருக்கென்று தைக்கும்.

'இகொ ஒல்மாயேயோ?' (இது எவ்வளவு?). இகொ கையில் இருப்பது. குகொ கேட்பவர் பக்கத்தில் இருப்பது. ஜொகொ இருவருக்கும் தள்ளி இருப்பது. யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: இது, உது, அது. இலங்கையிலிருந்து வேலைக்குப் போகத் தேர்வு எழுதியவர்கள் 'ஒல்மாஇம்னிக்கா' என்று படித்திருப்பார்கள். தவறில்லை, ஆனால் சந்தையில் அது மேடைத் தமிழ்.

'இகொ து கே ஜுசேயோ' (இது இரண்டு கொடுங்க). பொருளை எண்ணும்போது மற்ற எண் வரிசை வரும்: ஹன் கே, து கே, சே கே, நே கே, தசொத் கே. ஐந்துவரை போதும்.

'இபொ ப்வாடோ த்வேயோ?' (போட்டுப் பார்க்கலாமா?). இதை நீளமாக நினைக்காமல் தமிழாகப் பிரியுங்கள்: போட்டு, பார்த்தாலும், ஆகுமா? வரிசைகூட மாறவில்லை. துணிக்கு இபொ, செருப்புக்கும் சாக்ஸுக்கும் ஷினொ, தொப்பிக்கும் கண்ணாடிக்கும் ஸ்ஸொ.

பேரத்துக்கு 'க்காக்கா ஜுசேயோ' (குறைத்துக் கொடுங்க). ஆமாம், நம் காக்காயேதான். நம்தேமுன் போன்ற சந்தைகளில் செல்லும். மார்ட்டிலும் டிபார்ட்மென்ட் ஸ்டோரிலும் கேட்டால் சிரிப்பார்கள். 'ஹியொங்குமிமியொன் ஒல்மாயேயோ?' (ரொக்கம் என்றால் எவ்வளவு?) என்பது இதைவிட வேலை செய்யும். வாங்காமல் நழுவ 'துல்லொபோகோ ஓல்க்கேயோ': சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன். திரும்பி வரமாட்டீர்கள் என்று அவருக்கும் தெரியும்; மரியாதை காப்பாற்றப்படும்.

படி 5: அளவுகள்

காலணி மில்லிமீட்டரில்: 250 என்றால் 'இபேக் ஓஷிப்'. குதிகாலிலிருந்து பெருவிரல்வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உடையில் 55, 66 பார்த்தால் 'ஓ ஓ', 'யுக் யுக்' என்று எண்ணெண்ணாகச் சொல்ல வேண்டும்.

சந்தையில் 'ஹன் குன்' என்றால் எடை, ஆனால் இரண்டு எடை. இறைச்சிக்கு 600 கிராம், காய்கறிக்கு 400. கிலோ என்று நினைத்து விலையை ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் 'மன்வொனொச்சி ஜுசேயோ', பத்தாயிரத்துக்குக் கொடுங்க.

பின்சேர்க்கை

வரி திரும்பப் பெறுவது பற்றி: 'டெக்ஸ் ரிஃபண்டு த்வேயோ?' என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குறைந்தபட்சத் தொகை 2024 முதல் 15,000 வொன். அப்போது கடவுச்சீட்டைக் கேட்டால் காதில் விழும் சொல்: எழுத்தில் 'யொக்வொன்', வாயில் 'யொக்க்வொன்'.

பை பற்றி: பெரிய மார்ட்களில் 2019 முதல் பிளாஸ்டிக் பை இல்லை. பதிலாக 'ஜோங்னியாங்ஜே போங்ட்டு' வேண்டுமா என்பார்கள். அது காசு கொடுத்து வாங்கும் அரசுக் குப்பைப் பை. சாமானை அதில் கொண்டுபோய், பிறகு அதிலேயே குப்பை போடலாம். மேலே உள்ளூர் நிர்வாகத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். வேறு பகுதியில் தங்கியிருந்தால், அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.