பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வாங்கும் முன்

1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் சூடாகிறது என்றால் உடனே ஃபேன் வாங்கப் போகாதீர்கள். ஓடும்போதும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ தெர்மோஸ்டாட்டையோ (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) பாருங்கள். வேகத்தில் காற்று தானாகவே உள்ளே வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஃபேன் பெல்ட் தொய்வைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் ஃபேனைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே முக்கியமான விஷயம் கரண்ட். வண்டிக்குக் கரண்ட் தரும் பழைய டைனமோ நல்ல வேகத்திலேயே 22 ஆம்பியர் அளவுதான் தரும், ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) கிட்டத்தட்ட ஒன்றும் வராது. ஹெட்லைட்டுக்கே 8, 9 ஆம்பியர் போய்விடும். ஃபேன் அதற்கு மேல் பத்து ஆம்பியராவது இழுக்கும், அதுவும் ஐடிலில்! பாட்டரி தாங்காது. டைனமோவுக்குப் பதில் ஐடிலிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே எலக்ட்ரிக் ஃபேன் என்பது என் உறுதியான கருத்து.

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் ரகம்தான் நல்லது. வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மோட்டாரின் தடிமன்தான் இடிக்கும். இடமே இல்லாவிட்டால் மட்டும் முன்னால் தள்ளும் ரகம். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் ஃபின்னுக்குள் (மெல்லிய தகடுகளுக்குள்) கோத்துக் கட்ட விடாதீர்கள், நாளடைவில் உரசிக் குழாய் ஓட்டையாகும். தாங்கி வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். ரிலே (ஃபேனின் அதிகக் கரண்டைத் தாங்கும் சுவிட்ச்), ஃபியூஸ், தெர்மோ சுவிட்ச் (சூட்டைப் பார்த்துத் தானாக ஃபேனை ஓடவிடுவது) மூன்றும் கட்டாயம்.

மாட்டி முடித்ததும் ஃபேனை ஓடவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளிவிட்டால் வயர் மாறியிருக்கிறது, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.